கடைசி வரிசை வரைக்கும்

போன மாதம் ஒரு நாள் இரவு, கைப்பேசியில் தெரியாத எண். எடுத்தேன். "சார், என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பெயரைச் சொன்னார் அந்த மனிதர். நான் தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐந்தாம் ஆண்டில் படித்த மாணவர். இப்போது லோரி ஓட்டுகிறார். அவருடைய மகளும் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாளாம். பள்ளியில் வசனப் போட்டி. கட்டபொம்மன் பேசப் போகிறாளாம்.

"நீங்கதான் சார் சொல்லிக் கொடுக்கணும்" என்றார்.

ஞாபகம் இல்லாமல் என்ன? முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயரை மறக்கத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன். "ஒரு வாரம் கொடுப்பா, சொல்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த ஒரு வாரமும் வீட்டில் உட்கார்ந்து சிவாஜி கணேசன் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? என் மனைவிதான், "இந்த வயசுல பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்று கேலி செய்தாள். ஒரு வகையில் பரீட்சைதான்.

முதலில் அந்தப் பையனின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1980களின் பிற்பகுதி. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த சூடு. நடிப்பு என்றால் இயல்பாக இருக்க வேண்டும், அளவோடு இருக்க வேண்டும் என்று எங்கோ படித்து மனத்தில் இருத்திக்கொண்டிருந்தேன். மாவட்ட அளவிலான போட்டிக்கு அந்தப் பையனைத் தயார்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரையின் முன்னால் கட்டபொம்மன் பேசும் காட்சியை அப்பா வாங்கி வைத்திருந்த ஒலிநாடாவைப் போட்டுப் போட்டுக் கேட்டு அவனே மனப்பாடம் செய்திருந்தான். பேச ஆரம்பித்தால் கழுத்து நரம்பு புடைக்கும். வலது கை தோளுக்கு மேலே போகும். புருவம் தனியாக ஆடும். பத்து, பதினொரு வயதுப் பையனிடம் அப்படியொரு வேகம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்னடா இது, சிவாஜி மாதிரி கத்துறே? கையைக் கீழே போடு. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட பேசுற மாதிரி பேசு" என்றேன். மூன்று வாரம் அவனைத் தேய்த்துத் தேய்த்துச் சீராக்கினேன்.

போட்டி நடந்தது ஒரு பெரிய மண்டபத்தில். ஒலிவாங்கி விட்டு விட்டுக் கேட்டது. பையன் கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நான் சொன்னபடியே அடக்கமாகப் பேசினான். மூன்றாவது வரிசையைத் தாண்டி எதுவும் போகவில்லை. பின்னால் இருந்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் மேடைவரை வந்தது. பாதியில் நிறுத்திவிட்டுச் சபையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இறங்கி வந்தவன் அழவில்லை. "சார், நீங்க சொன்ன மாதிரிதான் பேசினேன்" என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை.

இத்தனைக்கும் சிவாஜி ஏன் அவ்வளவு உரக்கப் பேசினார் என்பதை வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். 1960களில் எங்கள் தோட்டத்துத் திடலில் மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். சம்பளத்துக்கு அடுத்து வரும் சனிக்கிழமை. ஐந்து மணிக்கே பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடித்துவிடுவோம். கச்சான் பூத்தே விற்பவர் சைக்கிளோடு வந்து நிற்பார். ஜெனரேட்டர் ஓடும் சத்தம், கொசுச்சுருள் புகை, யார் மேலிருந்தாவது வரும் பால் நெடி. இதற்கு நடுவேதான் படம்.

என் அப்பா பாயில் வந்து உட்கார மாட்டார். விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய மனிதர், நடுவில் எழுந்து போனால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று கடைசியில் போய்ப் பந்துக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நிற்பார். திரைக்கும் அவருக்கும் நடுவே ஒரு கால்பந்துத் திடல். அந்தத் தூரத்தில் முகம் ஒரு கட்டைவிரல் அளவுதான் தெரியும். வசனத்தில் பாதியை ஜெனரேட்டர் தின்றுவிடும்.

ஆனாலும் சிவாஜி படம் என்றால் அப்பாவுக்கு எல்லாம் புரிந்தது. நடையைப் பார்த்தே அடுத்து என்ன நடக்கும் என்று சொல்வார். தோள் இறங்கினால் துக்கம், கை சால்வையைத் தட்டினால் கோபம். மற்ற நடிகர்களின் படங்களுக்கு அவர் பாதியிலேயே லயத்துக்குத் திரும்பி வந்து தூங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். சிவாஜி படத்துக்கு மட்டும் கடைசி ரீல் வரை அந்தக் கம்பத்தடியில் நின்றிருப்பார்.

சிவாஜிக்கு இந்தக் கடைசி ஆளைத் தெரியும். ஏனென்றால் அவர் வந்த வழி அது. 1928-இல் பிறந்தவர். திருச்சியில் சிறுவனாக இருந்தபோது தெருவில் நடந்த கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துத்தான் நடிப்பு ஆசையே வந்தது என்று தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். வீட்டைவிட்டு ஓடிப்போய்ச் சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்தார். பெண் வேடம், ஆண் வேடம், அரக்கி வேடம் என்று எது கிடைத்தாலும் போட்டார். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடத்திய நாடகங்கள் அவை. எங்கோ தூரத்தில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதனும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான். அவனுக்குக் கேட்கவில்லை என்றால் நாடகம் நடக்கவே இல்லை என்று அர்த்தம். அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னன் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் கொடுத்த பெயர்தான் வி.சி. கணேசனைச் 'சிவாஜி' கணேசன் ஆக்கியது. அந்தப் பெயரே மேடையிலிருந்து வந்ததுதான்.

1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்தது. கலைஞர் கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம். கேமராவுக்கு முன்னால் அவர் முதன்முதலில் பேசிய சொல் 'சக்சஸ்' என்பார்கள். ஏவிஎம் ஸ்டூடியோவில் அந்த இடத்தில் ஒரு நினைவுச் சின்னமே இருக்கிறது. நீதிமன்றக் காட்சியில் அந்த இளைஞன் நீதிபதியிடம் மட்டும் பேசவில்லை. கொட்டகையின் கடைசிச் சுவரிடம் பேசுகிறான். பிறகு 1959-இல் பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. அதுவும் முதலில் சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகம்தான். பல ஊர்களில் நடித்து நடித்து உரமேறிய பிறகே படமானது. கெய்ரோவில் நடந்த ஆசிய - ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்காக 1960-இல் சிறந்த நடிகர் விருது பெற்றார். தமிழே தெரியாத நடுவர்களுக்கும் அவர் நடிப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. திடலின் கடைசியில் நின்ற என் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த அதே வழியில்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சரி, அப்படியானால் சிவாஜிக்கு உரக்க மட்டும்தான் தெரியுமா?

இந்த ஒரு வாரத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த படம் 'அந்த நாள்'. 1954-இல் வந்தது. 'பராசக்தி'க்கு இரண்டே ஆண்டுகள் கழித்து. எஸ். பாலச்சந்தர் இயக்கியது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னை. சிவாஜி ஒரு ரேடியோ என்ஜினியர். படம் தொடங்கும்போதே சுட்டுக் கொல்லப்படுகிறார். ஒவ்வொருவராகச் சொல்லும் கதையில் அவர் யார் என்பது மெல்ல மெல்லத் தெரிகிறது. நாட்டின் ரகசியங்களை ஜப்பானியருக்கு விற்றவன். ஜப்பான்காரன் காலத்தை அனுபவித்த நம் தாத்தா பாட்டிகள் இந்தக் கதையை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

நீதிமன்றத்தை அதிர வைத்த அதே வாலிபர் இங்கே குரலை உயர்த்தாமல் பேசுகிறார். பார்வையில் ஒரு கணக்கு. சிரிப்பில் ஒரு குளிர்ச்சி. மனைவியிடம் பேசும்போதுகூட உள்ளே ஒரு கதவைச் சாத்தி வைத்துக்கொண்டே பேசுகிற மாதிரி இருக்கும். சிவாஜி கடைசிக் காலத்தில்தான் அடக்கி நடிக்கக் கற்றுக்கொண்டார் என்று சொல்லாதவர் இல்லை. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். தப்பு. அவருக்கு இருபத்தைந்து வயதிலேயே அது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பெரும்பாலும் உரக்கப் பேசுவதையே தேர்ந்தெடுத்தார் என்றால், அது யாருக்காக என்று கேட்க வேண்டும்.

'பாசமலர்' (1961) இன்னொரு வகை. பீம்சிங் படம். எங்கள் தோட்டத்தில் அதைப் போட்ட இரவு பெண்கள் வாய்விட்டே அழுதார்கள். கண் பார்வையை இழந்த அண்ணன் தங்கையைத் தேடி வரும் கடைசிக் காட்சி அப்படிப்பட்டது. உடம்பு முழுவதையும் எடுத்து வைத்து அழுவார் சிவாஜி. இன்றைய பிள்ளைகள் அந்தக் காட்சியைத்தான் கிண்டல் செய்து கைப்பேசியில் அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த அழுகை ஐந்து அங்குலத் திரைக்காகச் செய்யப்பட்டதில்லை.

ஆனால் அதே படத்தில் ஒரு தாலாட்டுக் காட்சி இருக்கிறது. பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு தொட்டிலருகே, ஒரே பாட்டைப் பாடுவார்கள். கண்ணதாசன் பாட்டு, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. அதில் சிவாஜி ஏறக்குறைய எதுவுமே செய்வதில்லை. குழந்தையைப் பார்க்கிறார். அவ்வளவுதான். சாவித்திரியும் அப்படியே. கண்ணில் நீர் தளும்பும், கீழே விழாது. அந்தத் தாலாட்டில் அவர் அடக்கி வைத்ததைத்தான் கடைசிக் காட்சியில் கொட்டுகிறார். முன்னதைப் பார்க்காமல் பின்னதை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

'தெய்வமகன்' (1969) பார்த்தவர்களுக்கு அந்த ஓர் அறை நினைவிருக்கும். தந்தை, கைவிடப்பட்ட மூத்த மகன், செல்லமாக வளர்ந்த இளைய மகன். மூன்று பேருமே சிவாஜி. அன்றைய தொழில்நுட்பத்தில் மூன்று முறை தனித்தனியாக நடித்து ஒரே சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். இளையவன் துள்ளுகிறான், கொஞ்சுகிறான், உதட்டைப் பிதுக்குகிறான். கொஞ்சம் அதிகம்தான். மூத்தவன் முகத்தின் ஒரு பக்கத்தை மறைத்தபடி ஒதுங்கி நிற்கிறான். தந்தை காசோலையை நீட்டும்போது மூத்தவன் அதை ஏற்றுக்கொள்வதில்லை. அவனுடைய அமைதி அத்தனை கனமாக இருப்பதற்கு, பக்கத்திலேயே தம்பி அத்தனை ஆட்டம் போடுவது ஒரு காரணம். கூடுதலையும் குறைவையும் ஒரே அறையில், ஒரே ஆள், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறார். இந்தியாவிலிருந்து ஆஸ்கார் விருதுக்கு அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம் இது என்பதைப் பெருமைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

எல்லாவற்றையும் தூக்கி வைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. 1970களின் பிற்பகுதியில் வந்த சில படங்களை இன்று என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. 'திரிசூலம்' (1979) அவருடைய இருநூறாவது படம். வசூலில் சக்கைப்போடு போட்டது. மூன்று வேடம். அதில் கிட்டாரை வைத்துக்கொண்டு ஆடும் இளைய சிவாஜியைப் பார்க்கும்போது ரசிகனான எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஐம்பது வயதைத் தொட்ட உடம்புக்கு இருபது வயதுச் சட்டை. அங்கே கடைசி வரிசைக்காரனை மனத்தில் வைத்துச் செய்தது குறைவு, பழகிப்போன கைதட்டலுக்காகச் செய்தது அதிகம் என்பது என் எண்ணம். 'கௌரவம்' படத்தின் பாரிஸ்டரிடம் (1973) இருந்த மிடுக்கும் கூடுதல்தான். ஆனால் அந்தப் பாரிஸ்டரின் அகம்பாவத்துக்கு அது தேவைப்பட்டது. கதாபாத்திரம் கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கேட்காதபோது கொடுத்தால்தான் உறுத்துகிறது.

1985-இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'. நான் அதை முதன்முதலில் பார்த்தது வாடகை வீடியோ கேசட்டில். மலைச்சாமி என்ற ஊர்ப் பெரியவர். மாமனின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அவளுடைய வசைகளை வாழ்நாள் முழுவதும் வாங்கிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருப்பவர். பரிசல் ஓட்டும் குயில் வந்த பிறகுதான் அவருக்குச் சிரிக்கவே வருகிறது. குயில் வைத்த மீன் குழம்பை அவர் உட்கார்ந்து சாப்பிடும் காட்சியைப் பாருங்கள். சோற்றைப் பிசையும் கையில், முள்ளை எடுக்கும் விரலில், அந்த மனிதர் எத்தனை வருடம் ருசியில்லாமல் சாப்பிட்டிருப்பார் என்பது தெரிந்துவிடுகிறது. வசனம் தேவைப்படவில்லை.

பிறகு அந்த இளவட்டக் கல். குயில் அவரைச் சீண்டுகிறாள், தூக்க முடியுமா என்று. யாரும் பார்க்காதபோது தனியாக வந்து முக்கி முனகித் தூக்கிவிடுகிறார். அவள் மறைந்திருந்து பார்த்துவிடுகிறாள். அந்த வயதில் வந்த ஒரு சின்ன வெட்கம் அவர் முகத்தில் ஓடும். கட்டபொம்மனாகக் கோட்டையை அதிர வைத்த ஆள் ஒரு கல்லைத் தூக்கிவிட்டு வெட்கப்படுகிறார்! பழைய கர்ஜனையெல்லாம் நமக்குத் தெரியும் என்பதால்தான் இந்த வெட்கம் இவ்வளவு இனிக்கிறது. வேறொரு நடிகர் இதையே செய்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் முப்பது ஆண்டுச் சத்தம் பின்னால் நின்றிருக்காது.

இதில் நமக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. அதுவரை சிவாஜியின் பாட்டுக் குரல் என்றால் பெரும்பாலும் டி.எம். சௌந்தரராஜன். நெஞ்சு நிமிர்ந்த குரல். 'முதல் மரியாதை'யில் இளையராஜா இசையில் மலைச்சாமிக்காகப் பாடியவர் மலேசியா வாசுதேவன். இங்கே பிறந்து, இங்கே நாடகம் போட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சென்னைக்குப் போனவர். ஆற்றங்கரையில் தனியாக நடந்து போகும் ஒருவர், யாருக்கும் கேட்கக் கூடாது என்று நினைத்துப் பாடுவதைப் போலப் பாடியிருப்பார். சிவாஜியின் அமைதிக்குக் குரல் கொடுக்க நம் ஊர்க்காரர் ஒருவர் போயிருக்கிறார். கோப்பிக்கடையில் யாராவது சிவாஜியைப் பற்றிப் பேசினால் நான் இந்தச் செய்தியைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் வந்தபோது அப்பா என்னோடு வந்துவிட்டார். முன்பே அதிகம் பேசாதவர், நகரத்துக்கு வந்த பிறகு இன்னும் குறைத்துக்கொண்டார். காலை நான்கரைக்கு எழுந்து, வெட்ட மரமில்லாமல் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார். அவரை எப்படிப் பேச வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 1993 வாக்கில் ஒருநாள் 'தேவர் மகன்' கேசட்டை எடுத்து வந்து போட்டேன். பரதன் இயக்கிய படம். கமல்ஹாசன் எழுதித் தயாரித்தது. சிவாஜி பெரிய தேவர்.

மகன் ஊரை விட்டுப் போகிறேன் என்று சொல்ல, அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் காட்சி வந்தது. வெளியே மழை. சிவாஜியின் குரல் அடித்தொண்டையில் கரகரக்கும். உயரப் பார்க்கும், மறுபடி இறங்கும். கோபமும் கெஞ்சலும் ஒரே மூச்சில் வரும். என்னை விட்டுப் போகாதே என்று நேராகச் சொல்லத் தெரியாத ஒரு தகப்பன், ஊரைப் பற்றியும் விதையைப் பற்றியும் சுற்றிச் சுற்றிப் பேசுகிறார். நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தேன். தொலைக்காட்சியிலிருந்து ஐந்தடி தூரத்தில் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பதான்டா பக்கத்துல வந்து உக்காந்திருக்காரு" என்றார்.

எனக்குச் சட்டென்று பந்துக் கம்பம் ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவு காலமும் அப்பா தூரத்தில் நின்றார், சிவாஜி கத்திப் பேசினார். இப்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், சிவாஜி மெதுவாகப் பேசுகிறார். படித்த நான் அதற்கு 'மிகை நடிப்பு', 'இயல்பு நடிப்பு' என்று இரண்டு பெயர் வைத்து மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அப்பா படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. தோட்டத்தைப் பற்றி, கங்காணியைப் பற்றி, எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட அம்மாவின் தோட்டை அடகு வைத்ததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அந்தத் தோடு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது.

அந்தப் படத்துக்காகத் தேசிய விருதுக் குழு சிவாஜிக்குச் சிறப்பு நடுவர் விருது அறிவித்தது. அவர் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பிரான்ஸ் அரசு 1995-இல் செவாலியே கொடுத்தது. தாதா சாகேப் பால்கே விருதும் பிறகு வந்தது. 2001 ஜூலை 21-இல் காலமானார். என் அப்பா அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார்.

தோட்டுக் கதையைக் கேட்ட அந்த இரவே நான் செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அந்தப் பையனைத் தேடிப் போய், நான் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவனுக்குப் பதினாறு, பதினேழு வயதுதான் இருந்திருக்கும். போகவில்லை. வாத்தியார் என்கிற கௌரவம்.

வாரம் முடிந்ததும் நானே அழைத்தேன். சனிக்கிழமை காலை பள்ளி மண்டபத்தைத் திறந்து வைக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியிருந்தார் அவர். லோரியிலேயே மகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தலைமுடியில் பாதி நரைத்திருந்தது. கையைக் குலுக்கிவிட்டு "சாப்பிட்டீங்களா சார்?" என்றார். நான்தான் ஆரம்பித்தேன்.

"தம்பி, அன்னிக்கு அந்த மண்டபத்துல..."

"அதெல்லாம் எப்பவோ சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு தரையைப் பார்த்தபடி, "இவளுக்கு வீட்டுல நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கை தூக்கணுமா வேணாமான்னு மட்டும் எனக்குத் தெரியல. அதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார்.

அவர் சொன்ன அந்த 'மட்டும்' எனக்குள் எங்கோ போய்த் தைத்தது. "என் மேலதான் தப்புப்பா. நீ பேசினதுதான் சரி" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மகளின் இடுப்பில் கட்டியிருந்த அட்டை வாளைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

சிறுமி மேடை ஏறினாள். ஒல்லியான பிள்ளை. கண்மையில் மீசை வரைந்திருந்தார்கள். நான் முன் வரிசையில் உட்காருவேன் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். நடந்தேன். நாற்காலிகளையெல்லாம் தாண்டி, மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போய், அங்கே முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். மின்விசிறிகள் நாலும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. அணைக்கப் போன அவளுடைய அப்பாவை வேண்டாம் என்று கை காட்டினேன்.

முதல் வரியைச் சொன்னாள். நடுவிலேயே நிறுத்தி, "கேக்குதா சார்?" என்றாள்.

"பாதிதான்ம்மா கேக்குது" என்றேன். "கையைத் தூக்கிச் சொல்லு."